மாயக்கதையின் குரலும் படமும்: குழந்தைகளோடு படிக்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடி தெரியாத ஒரு குழிக்குள் சிறுமி ஒருத்தி விழுகிறாள். இந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு குழந்தையை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்யலாம். வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைக்கலாம். கதை எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்கிறவர்கள் இரண்டு பேர்: சொல்லும் குரல் ஒன்று, பக்கத்தில் இருக்கும் படம் ஒன்று. இந்த இருவரும் எப்போதும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை. ஒருவர் உளறிக்கொட்டும்போது மற்றவர் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பொருந்தாமையைப் பிடித்துக்கொண்டுதான் குழந்தை கதைக்குள் போகிறது என்பது என் கட்சி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பொருந்தாமையைத் தேடுவது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

பயிற்சிக்கு ஒரே புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்: லூயிஸ் கரோல் எழுதி, ஜான் டென்னியல் படம் வரைந்து 1865-ல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்'. எழுத்து, படம் இரண்டுக்குமே காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம், இந்தக் கதைக்கு ஆசிரியரே மூன்று வடிவம் கொடுத்திருக்கிறார். 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது மூன்று சகோதரிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதையைத் தன் கையால் எழுதி, தானே 37 படங்கள் வரைந்து, 1864-ல் அவர்களில் ஒருத்தியான ஆலிஸ் லிடெல்லுக்குப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த வருடம் டென்னியலின் 42 படங்களோடு அது அச்சில் வந்தது. 1890-ல் சின்னஞ்சிறுசுகளுக்கென்று மறுபடி எழுதினார். குரலும் படமும் மாறினால் கதை என்ன ஆகும் என்று பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

முதல் படி: படத்தை மூடுங்கள், வாய்விட்டுப் படியுங்கள்

முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, படங்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துவிட்டுப் படியுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கதை சொல்கிறவர் எதற்கு ஆச்சரியப்படுகிறார், எதற்கு ஆச்சரியப்படவில்லை?

முயல் ஒன்று, 'ஐயையோ, நேரமாகிவிட்டதே' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடுகிறது. ஆலிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த முயல் தன் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்த பிறகுதான் துள்ளி எழுகிறாள். முயல் பேசலாம், ஆனால் முயலுக்குச் சட்டைப்பை இருக்கலாமா! இந்த உலகத்தின் சட்டம் என்ன என்பது இந்த ஒரு இடத்திலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். விளக்கம் கொடுக்காதீர்கள், 'ஆலிஸ் எப்போ எழுந்தா?' என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து, குழிக்குள் விழும் இடத்தை மூன்று குரலில் சொல்லிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தது இது.

ஒன்று: 'அவள் விழுந்துகொண்டே இருந்தாள். சுவரெங்கும் அலமாரிகள். போகிற போக்கில் ஒரு ஜாடியை எடுத்துப் பார்த்தாள், காலி. கீழே யார் மண்டையையாவது உடைத்துவிடப் போகிறதே என்று இன்னொரு அலமாரியில் வைத்தாள்.'

இரண்டு: 'ஐயோ, அதலபாதாளம்! எங்கும் கும்மிருட்டு! ஆலிஸின் நெஞ்சு படபடவென்று அடித்தது. இனி அவள் கதி என்ன?'

மூன்று: 'குழந்தைகளே, பெரியவர்களிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா?'

கரோல் போன வழி முதலாவது. விழுகிறவளுக்கு ஜாடியைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கிறது என்றால், விழுவதில் பெரிய ஆபத்து இல்லை என்று குழந்தையே முடிவுக்கு வந்துவிடும். யாரும் 'பயப்படாதே' என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது குரலில் ஜாடிக்கு இடமே கிடையாது. மூன்றாவது குரல் நமக்கு ரொம்பப் பழக்கமானது. பாடப்புத்தகத்தில் கதை முடிந்ததும் 'நீதி' என்று ஒரு வரி போட்டே வளர்ந்தவர்கள் நாம். குழந்தைக்குக் கதை சொல்லும்போது அந்த வரி தானாகவே நாக்கில் வந்து நிற்கும். கரோலின் கதையில் எதைப் பார்த்தாலும் ஒரு நீதியைக் கண்டுபிடித்து ஆலிஸின் காதில் ஓதும் சீமாட்டி ஒருத்தி வருகிறாள், தாடையை அவள் தோளில் குத்திக்கொண்டு. ஆலிஸுக்கு அவளிடமிருந்து எப்போது தப்பிப்போம் என்றிருக்கும். அந்தச் சீமாட்டியைப் படித்துவிட்டுக் கடைசியில் நீங்களும் ஒரு நீதி சொன்னால் குழந்தை உங்களை ஒரு மாதிரி பார்க்கும்.

இரண்டாம் படி: எழுத்து சொல்லாமல் விட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்

இது சின்ன வேலை. ஆலிஸ் என்ன நிற உடுப்புப் போட்டிருக்கிறாள்? கதையில் இல்லை. முடி? சுருட்டை இல்லை என்று அவளே சொல்கிறாள். வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று தேநீர் விருந்தில் வரும் தொப்பிக்காரன் சொல்கிறான். நிறம் பற்றிப் பேச்சே இல்லை. நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் நீல கவுன், மேலே வெள்ளை ஏப்ரன் என்ற உருவம் எழுத்திலிருந்து வந்தது கிடையாது. ஏப்ரன் டென்னியல் போட்டது. ஆனால் அவர் மேற்பார்வையில் முதன்முதலாக வண்ணம் ஏறிய 1890 பதிப்பில் கவுன் மஞ்சள். நீலம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

குழந்தையிடம் படத்தைக் காட்டுவதற்கு முன் ஆலிஸை வரையச் சொல்லுங்கள். பாவாடை சட்டை, இரட்டைப் பின்னல் வந்தால் திருத்தாதீர்கள். அதற்கு எழுத்தில் தடை எதுவும் இல்லை.

மூன்றாம் படி: இப்போது எழுத்தை மூடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே புரட்டுங்கள். நான்கு கேள்விகள் போதும்: கோடு எப்படிப்பட்டது? முகத்தில் என்ன இருக்கிறது? நாம் எங்கே நின்று பார்க்கிறோம்? படம் பக்கத்தில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது?

டென்னியல் 'பஞ்ச்' பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர். அவர் வரைந்ததை டால்சியல் சகோதரர்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சுக்குத் தந்தார்கள். அந்த வேலையின் சுபாவம் கோட்டில் தெரியும்: நெருக்கமான, குறுக்கும் நெடுக்குமான கோடுகள், தெளிவான விளிம்பு, எதுவும் மங்கலாக இல்லை. வெள்ளை முயலுக்கு முயலின் உடம்பு அப்படியே இருக்கிறது. அதன்மேல் லண்டன் கனவானின் கோட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆலிஸின் முகத்தைத் தனியாகப் பாருங்கள். அநேகமாக எந்தப் படத்திலும் அவள் சிரிப்பதில்லை. எழுத்து அபத்தத்தைக் கொட்டிக்கொண்டே போகிறது. படமோ நாடாளுமன்றக் கூட்டத்தை வரைவதுபோல் அத்தனை பொறுப்போடு வரையப்பட்டிருக்கிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. படமும் சேர்ந்து கண்ணை உருட்டி, நாக்கை நீட்டியிருந்தால் ஜோக் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிக்கும் மாமா கதையாகியிருக்கும். நம் சிறுவர் நூல்களில் பல இங்கேதான் சறுக்குகின்றன: வேடிக்கையான கதை என்று தெரிந்ததும் எல்லாப் பிராணிக்கும் முட்டைக்கண், எல்லார் வாயிலும் சிரிப்பு.

காளான் மேல் உட்கார்ந்து ஹுக்கா புகைக்கும் கம்பளிப்புழுவின் படத்தில் நின்றுவிடுங்கள். புழுவின் முகம் நமக்கு நேராகத் தெரியாது. அது பாதி திரும்பியிருக்கிறது. நீண்ட மூக்கும் முகவாயும் உள்ள ஒரு கிழவரின் பக்கவாட்டு முகம் போல் தோன்றும். உற்றுப் பார்த்தால் அந்த மூக்கும் முகவாயும் புழுவின் முன்னங்கால்கள். இரண்டில் எது என்று படம் சொல்லாது. ஆலிஸ் காளானின் விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கிறாள். ஆக அவள் உயரம் என்ன என்று அளக்கும் கோலாகவும் காளான் ஆகிவிடுகிறது. 'நீ யார்?' என்று புழு கேட்கும்போது தன்னைப் பற்றியே அவளுக்குக் குழப்பம். நாமோ படத்தைப் பார்த்து, 'அது சரி, நீர் யாரய்யா?' என்று புழுவைக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் உள்ள சந்தேகத்தைப் படம் வேறு வழியில் நம் கண்ணுக்குள் போட்டுவிட்டது. குழந்தைகள் இந்தக் கால் விஷயத்தைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பிட, கரோல் தன் கையால் வரைந்த 1864 படங்களில் ஒன்று: வீட்டுக்குள் ஆலிஸ் பெரிதாக வளர்ந்துவிடும் காட்சி. கரோலுக்கு ஓவியப் பயிற்சி இல்லை. கை கால் எல்லாம் கொஞ்சம் கோணல். ஆனால் அவர் அறையையே வரையவில்லை. ஒரு செவ்வகக் கட்டம், அதற்குள் மடங்கிச் சுருண்ட ஆலிஸ், அவ்வளவுதான். கட்டமே அறை. டென்னியல் ஜன்னலையும் கூரையையும் போட்டு, இன்ன வீட்டில் இன்ன இடைஞ்சல் என்று காட்டுகிறார். முதலாவதைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டாவதைப் பார்த்தால் 'இனி எப்படி வெளியே வருவாள்' என்று யோசிக்கத் தோன்றுகிறது. திறமையில் டென்னியல் எங்கோ இருக்கிறார். இந்த ஒரு காட்சியில் மட்டும் என் ஓட்டு கரோலுக்கு.

நான்காம் படி: பக்கத்தைத் திருப்புங்கள்

படம் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதும் கதையின் பகுதி. இளிப்பை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகும் செஷயர் பூனை மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் படம் முதல் பதிப்பில் ஒரு வலது பக்கத்தில் வருகிறது. தாளைத் திருப்பினால் அடுத்த வலது பக்கத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் அதே மரம். பூனை மங்கி, இளிப்பு மிஞ்சி நிற்கிறது. தாளை மேலும் கீழும் அசைத்தால் பூனை வந்து வந்து போகும்.

1871-ல் வந்த அடுத்த கதையில் ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழைகிறாள். ஒரே தாளின் முன்பக்கத்தில் அவள் உள்ளே போகிறாள், பின்பக்கத்தில் மறுபுறம் வெளியே வருகிறாள். தாள்தான் கண்ணாடி. மறுபுறத்துக் கடிகாரத்துக்கு ஒரு கிழவனின் முகம் முளைத்திருக்கும்.

செல்போனில் படிக்கும்போது இதெல்லாம் போய்விடும். ஆகவே இந்தக் கண்ணாடிப் படங்கள் இரண்டை மட்டுமாவது அச்செடுத்து, முன்னும் பின்னும் ஒட்டிக் கையில் கொடுங்கள்.

ஐந்தாம் படி: இருவரும் ஒத்துப்போகாத இடங்கள்

இனி இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். படத்தில் இருந்து எழுத்தில் இல்லாதது எது? ஏழாம் அத்தியாயத்துத் தேநீர் விருந்தில் தொப்பிக்காரனின் தொப்பியில் ஒரு சீட்டு செருகியிருக்கிறது: விலை 10/6, அதாவது பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். அந்த அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதினோராம் அத்தியாயத்தில் ராஜா, 'தொப்பியைக் கழற்று' என்கிறார். 'அது என்னுடையது இல்லை, விற்பதற்கு வைத்திருப்பது' என்கிறான் தொப்பிக்காரன். படத்தைக் கூர்ந்து பார்த்த குழந்தை நாலு அத்தியாயம் முன்னாலேயே அதைத் தெரிந்து வைத்திருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, சரளமாகப் படிக்கும் பிள்ளையை முந்தும் அபூர்வமான இடம் இது. வகுப்பில் இதைத் தவறவிடாதீர்கள்.

படத்துக்காக எழுத்து இறங்கிவந்ததும் உண்டு. இரண்டாவது கதையில் 'விக்' வைத்த குளவி ஒன்று வரும் பகுதி இருந்தது. அதை வரைய வழி தெரியவில்லை என்று டென்னியல் கடிதம் எழுத, கரோல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்.

ஆறாம் படி: ஓவியரை மாற்றிப் பாருங்கள்

1907-ல் பிரிட்டனில் இந்தப் புத்தகத்தின் காப்புரிமை முடிந்ததும் புதுப்புதுப் பதிப்புகள் வந்தன. அந்த வருடமே ஆர்தர் ராக்கம் வரைந்த பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பேறிய மென்வண்ணம், முறுக்கிக்கொண்ட மரவேர்கள், கொஞ்சம் வயதில் பெரியவளாகத் தெரியும் ஆலிஸ். எழுத்து ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் டென்னியலின் படத்தில் விசித்திரமானவர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட புத்திசாலிப் பெண், ராக்கமிடம் கனவுக்குள் நடந்துபோகிறாள். 1966-ல் டோவ் யான்சன், 1969-ல் சால்வடோர் டாலி என்று பெரிய ஓவியர்கள் தொடர்ந்து வரைந்திருக்கிறார்கள். டாலியின் படங்களில் ஆலிஸ் கயிறு தாண்டும் ஒரு சின்ன உருவம் மட்டுமே. அது பெரியவர்களுக்கான வேலை. குழந்தைக்குக் கதை புரிய அது உதவாது என்றே நினைக்கிறேன்.

செய்முறை: பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரே காட்சியைப் படித்துக்காட்டுங்கள். ஒரு குழுவுக்கு டென்னியல், இன்னொன்றுக்கு ராக்கம். பிறகு, 'இந்த ஊருக்கு நீ தனியாகப் போவாயா?' என்று கேளுங்கள். 'படம் பிடித்ததா?' என்று கேட்டால் 'ம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏழாம் படி: வயதை மாற்றுங்கள்

1890 பதிப்பை, பிறந்த குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு என்று கரோல் அதன் முன்னுரையில் சொல்கிறார். டென்னியலின் படங்களில் இருபதைப் பெரிதாக்கி வண்ணமேற்றினார்கள். எழுத்தை அந்தப் படங்களுக்காகவே புதிதாக எழுதினார். இங்கே கதைசொல்லி ஒரு தாத்தாவைப்போல் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டே வருகிறார். முயல் நடுங்குவதைப் பார்க்கப் புத்தகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்கிறார். தாளின் மூலையை மடக்கினால் ஆலிஸ் பூனையின் இளிப்பைப் பார்ப்பதுபோல் ஆகும் என்கிறார். தொப்பியிலுள்ள 10/6 என்ன என்பதையும் உடைத்துச் சொல்லிவிடுகிறார்.

மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அதே சமயம், எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்தத் தொனியில் பேசினால் அது எழுந்து போய்விடும். அந்த வயதில் தானே கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

எட்டாம் படி: பயத்தின் அளவைப் பாருங்கள்

கண்ணாடிக் கதைக்காக டென்னியல் ஜாபர்வாக் என்ற ராட்சதப் பிராணியை வரைந்தார். புத்தகத்தைத் திறந்ததும் முதல் படமாக அதைப் போடுவதாக ஏற்பாடு. கரோலுக்குச் சந்தேகம் வந்தது. ஏறக்குறைய முப்பது தாய்மார்களுக்கு அந்தப் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார்: முதல் படமாகவே இருக்கட்டுமா, கதைக்குள் உரிய இடத்துக்கு மாற்றலாமா, எடுத்தே விடலாமா? கடைசியில் ஜாபர்வாக் உள்ளே போனது. முகப்புக்கு அதே கதையில் வரும் வெள்ளைக் குதிரைவீரன் வந்தான்.

படத்தை எடுத்துவிடவில்லை, இடத்தைத்தான் மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். கதைக்கு நடுவில் வரும்போது குழந்தைக்கு இந்த ஆசிரியரின் குரல் பழகிப்போயிருக்கும். அந்தப் படத்திலேயே பயத்துக்கு மாற்றும் இருக்கிறது: இறக்கையும் நகமுமாக வரும் அந்தப் பூதம் பொத்தான் வைத்த ஒரு உள்சட்டை போட்டிருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள். சுடுகாடு, தோளில் பிணம், பிணத்துக்குள் பேசும் வேதாளம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத சரக்கு. ஆனால் ஒவ்வொரு மாதமும் 'தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்' என்று அதே வாக்கியம். வாளைப் பிடித்தபடி தோளில் பிணத்தோடு ராஜா நடக்கும், ஓவியர் சங்கரின் படம். குரலும் படமும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து பயத்தைப் பழக்கப்படுத்திவிட்டன. பிள்ளைகள் பிணத்தைத் தாண்டிக் கடைசியில் வரும் புதிருக்கு ஓடினார்கள். பயமுறுத்தும் படம் வேண்டாம் என்று கிழிப்பதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் வாயைக் கவனியுங்கள்

வாய்விட்டுப் படிக்கும்போது மூன்றாவதாக நீங்களும் சேர்ந்துவிடுகிறீர்கள். 'தலையை வெட்டு!' என்று ராணி கத்தும் இடத்தில் கத்தத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வரிக்கு உடனே சாதாரணக் குரலுக்கு வந்துவிடுங்கள். ராணி கத்துவாளே தவிர யாரையும் வெட்டுவதில்லை என்று கதையிலேயே பின்னால் வருகிறது. மரியாதைப் பன்மையையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். 'முயலார் வந்தார்' என்று தொடங்கினால் பஞ்சதந்திர நினைப்பு வந்து குழந்தை தந்திரத்தை எதிர்பார்க்கும். 'முயல் வந்தது' என்று சும்மா சொன்னால் கோட்டும் கடிகாரமும் வரும்போது தூக்கிப்போடும். எனக்கு இரண்டாவதுதான் சரி. படம் வரும் பக்கத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, குழந்தையின் கண் படத்தை விட்டு எழுகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, எந்தப் பதிப்பை வாங்குவது

அச்சுத் தரத்தைப் பாருங்கள். முதல் பதிப்பின் 2,000 பிரதிகளை, படங்கள் சரியாக அச்சாகவில்லை என்று டென்னியல் ஆட்சேபித்ததால் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மலிவுப் பதிப்புகளில் அந்த நுணுக்கக் கோடுகள் மை அப்பிக் கறுத்துப்போய், முகபாவமே தெரியாது.

சுருக்கப் பதிப்பா, முழுப் பதிப்பா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கிரிஃபன் என்ற பிராணி வரும் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறங்கள். அது என்னவென்று தெரியாவிட்டால் படத்தைப் பார்த்துக்கொள் என்று அடைப்புக்குறிக்குள் கரோல் எழுதியிருப்பார். வர்ணிக்கும் வேலையை அப்படியே டென்னியல் தலையில் கட்டிவிட்டார். அந்த வரி இருந்து, பக்கத்தில் கிரிஃபன் படமும் இருந்தால் வாங்கலாம். வரி இருந்து படம் இல்லாவிட்டால், அல்லது படம் ஐந்து பக்கம் தள்ளிப் போயிருந்தால், அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.